சொட்டுமருந்துக்குப் பின்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நிழல்
மத்தியானம் தாண்டினால் எங்கள் படியேறும்.
உள்ளே பதினாலு பிளாஸ்டிக் நாற்காலி,
பதினாலிலும் அண்ணாந்த முகங்கள்.
சொட்டுமருந்து விட்டு
கண்மணி விரியக் காத்திருப்பவர்கள்.

அவர்களுக்கு எதிரேதான் வைத்திருந்தோம் பெட்டியை.
பேச்சிப்பாறைக்கு மேலே
படகேறிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குக்
கண்ணாடி வாங்க.
மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம், தக்கலை:
நாலு கண் ஆஸ்பத்திரி, நாலு பெட்டி.
நோயாளி ஒரு ரூபாய் போட்டால்
டாக்டரும் ஒரு ரூபாய் போட வேண்டும்.
எங்கள் சாவி கருங்கலில்,
கருங்கல் சாவி எங்கள் மேசையறையில்.
சந்தேகம் வந்தால்
உட்கார நாற்காலி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

குளச்சலிலிருந்து பிலோமினாள் வருவாள்,
சர்க்கரைக்கு விழித்திரை பார்க்க.
மடியிலிருந்து எடுக்கிற பத்து ரூபாயில்
சாளை மணக்கும்.
பெட்டியை விரலால் தடவி
"இதுக்க வாய் எங்க பிள்ளே?" என்பாள்.
கையைப் பிடித்துக் கொண்டுபோய் வைப்பேன்.
அந்த நேரத்தில், அந்த அறையில்,
எல்லா நோட்டுக்கும் ஒரே நிறம்.

செவ்வாய்க்கிழமை ஏசுவடியான் வந்தார்.
அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டு,
விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டி
முந்நூறு மரம்.
கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைக் கீறுகிறதாம்.
முதலாளி திட்டிய பிறகுதான்
கண் என்று ஒன்று இருப்பது நினைவு வந்திருக்கிறது.
போகும்போது பெட்டியில் ஒரு நோட்டைப் போட்டார்.
நான் பார்த்தேன்.
நோட்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன்.

மறுநாள் ஷட்டர் பாதி ஏறும்போதே நின்றார்.
"பிள்ளே, ஒரு பிழை பற்றிப்போச்சு.
இருபதுண்ணு நெனச்சு அஞ்ஞூறு போட்டாச்சு."
திருடியவர் குரலில் சொன்னார்,
தன் சொந்தப் பணத்தை.

சாவி கருங்கலில் என்றேன்.
சனிக்கிழமைதான் திறக்கும் என்றேன்.
அந்த வாரம் முழுக்க மழை, வெட்டு கிடையாது.
அந்த ஐந்நூறு அரிசியா, சீட்டுத் தவணையா,
கேட்கத் துணியவில்லை.
டாக்டர் பிரீடா தன் பர்ஸிலிருந்து ஒன்றை நீட்டினார்.
அவர் கையைக் கட்டிக்கொண்டார்:
"அது ஒங்களுக்க பைசா.
எனக்கது உள்ள கெடக்கு."

சனிக்கிழமை.
கருங்கலிலிருந்து சாவியோடு ஸ்கூட்டரில் வந்தான் அஜின்.
மேசையில் கவிழ்த்தோம்.
சில்லறை, ஒரு சட்டைப் பொத்தான்,
மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த ஒற்றைக் கால்,
களியக்காவிளை தாண்டி வாங்கிய லாட்டரிச் சீட்டு
(குலுக்கல் நேற்றே முடிந்திருந்தது).
ஐந்நூறு மூன்று.

அஜின் என்னைப் பார்த்தான். நான் டாக்டரை.
ஏசுவடியான் நோட்டுகளைக்
கண்ணருகே கொண்டுபோகவில்லை,
மூக்கருகே கொண்டுபோனார்.
முதலாவது, இல்லை.
அடுத்தது வெற்றிலை, இல்லை.
மூன்றாவதில் நின்றவர்
எங்கள் பக்கமும் நீட்டினார்:
பாலை உறையவைக்கும் ஆசிட்டின் புளிப்பு,
ஷீட் காய்ந்த புகைப்புரையின் வாடை.

மடித்துப் பையில் வைத்தார்.
மறு பையிலிருந்து இருபது ரூபாய் எடுத்தார்.
பெட்டி திறந்துதான் கிடந்தது,
ஆனாலும் அதன் வாயைத் தேடிப் பார்த்து
அது வழியாகவே போட்டார்.
"இதாக்கும் நான் போட நெனச்சது."
டாக்டரும் இருபது போட்டார்.
நாற்பது என்று எழுதினேன்.

மிச்ச இரண்டு ஐந்நூறையும் கேட்டு
இன்றுவரை யாரும் வரவில்லை.
மனசறிந்து போட்டவர்களோ,
கண்ணறியாமல் போட்டவர்களோ.
எல்லாரும் போன பிறகு நானும் மோந்து பார்த்தேன்.
ஒன்று வெற்றிலை.
இன்னொன்று வெறும் காகிதம்.

திங்கள் முதல் பெட்டியை
சீட்டு எழுதும் மேசைக்கு மாற்றினோம்,
சொட்டுமருந்துக்கு முன்னால்.
பிலோமினாள் மட்டும்
மருந்து விட்ட பிறகுதான் போடுவேன் என்கிறாள்,
கையைப் பிடிக்க ஆள் வேண்டுமாம்.

அந்த வாரம் வசூல் பாதிக்கும் கீழே.
கருங்கலிலிருந்து போன்:
"மார்த்தாண்டத்துக்கு என்ன ஆச்சு?"
"ஒண்ணும் ஆகல்ல," என்றேன்.
"இங்க எல்லாருக்கும் இப்பம் கண்ணு தெரியுது."